புழுத்துளை வழியாகப் போனால் ஒளியை முந்திவிடலாமா?

"புழுத்துளை (விண்வெளியில் வெகுதூரத்தில் உள்ள இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம்) இருந்தால் ஒளியை விட வேகமாகப் போகலாம் என்கிறார்களே, அப்படியானால் ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?" என்பது கேள்வி.

தப்பில்லை. புழுத்துளைக்குள் போகிறவர் ஒரு கணம்கூட ஒளியை முந்துவதில்லை. கையில் ஒரு டார்ச்சை வைத்து முன்னால் அடித்தால் அந்த வெளிச்சம்தான் முதலில் மறுபக்கம் போய்ச் சேரும், அவர் பின்னால்தான் வருவார். மலையைச் சுற்றி ஓடும் குதிரையை, சுரங்கப்பாதையில் நடந்து போகிறவன் முந்திவிடுவது மாதிரி, வெளியே நீண்ட வழியில் வரும் ஒளியை மட்டும்தான் அவர் முந்துகிறார். நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் என்ற வரம்பு உள்ளேயும் அப்படியே இருக்கிறது.

புழுத்துளையை விளக்கக் காகிதத்தை மடித்துப் பென்சிலால் குத்திக் காட்டுவார்களே, அந்த விளக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. குத்திய ஓட்டை அப்படியே திறந்திருக்கும் என்று அது நம்ப வைத்துவிடுகிறது. 1935இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்புச் சமன்பாடுகளில் கண்ட பாலம், அதாவது புழுத்துளை, அப்படிப்பட்டதல்ல. அது ஒளிகூடக் கடந்து முடிப்பதற்குள் இறுகி அறுந்துபோகும் என்று 1962இல் இயற்பியலாளர்கள் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள்.

சரி, அறுந்துபோகாமல் நிறுத்த முடியாதா? நாவல் எழுதிக்கொண்டிருந்த ஒரு நண்பர் கேட்ட சந்தேகத்தால் இயற்பியலாளர் கிப் தோர்ன் இதில் இறங்கினார்; 1988இல் மைக்கேல் மோரிஸுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், கடந்து போகக்கூடிய புழுத்துளைக்கு எதிர்மறை ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் கீழே இறங்கிய ஆற்றல், வேண்டும் என்றார். காரணம் புரிந்துகொள்ள எளிதுதான். வாயிலில் நுழையும் ஒளிக்கதிர்கள் குவிந்துகொண்டே உள்ளே போகின்றன, ஆனால் மறுபக்கம் அவை விரிந்து வெளியே வந்தாக வேண்டும். சாதாரணப் பொருளின் ஈர்ப்புக்குக் குவிக்கத்தான் தெரியும். விரிக்க வேண்டுமென்றால் விலக்கித் தள்ளுகிற ஈர்ப்பு வேண்டும், அதைத் தருவது எதிர்மறை ஆற்றல்.

அப்படி ஒன்று இயற்கையில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் இடையே உள்ள வெற்றிடத்தின் ஆற்றல் சுழியத்துக்குக் கீழே இறங்கும் என்று 1948இல் இயற்பியலாளர் காசிமிர் கணக்கிட்டார், அதனால் வரும் விசையை ஆய்வகத்தில் அளந்தும் விட்டார்கள். அளவில்தான் வம்பு. தகடுகளுக்கு நடுவே கிடைப்பது துளியிலும் துளி. ஒரு மீட்டர் அளவு வாயிலுக்கோ, எளிய கணக்குப்படி, வியாழன் கோளின் நிறைக்குச் சமமான அளவு எதிர்மறையாக வேண்டும். 1994இல் இயற்பியலாளர் அல்குபியர் முன்வைத்த வார்ப் குமிழியும் (முன்னால் உள்ள வெளியைச் சுருக்கி, பின்னால் விரித்துக் கப்பலைக் கொண்டுபோகும் யோசனை) இதே கடைக்குத்தான் வந்து நிற்கிறது, அதனால் அதைத் தனியாக விளக்கவில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய தலைவலி காலம்தான், பலரும் பேசாமல் விடுவதும் அதைத்தான். புழுத்துளையின் ஒரு வாயை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கப்பலில் கட்டி, ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவருகிறோம் என்று வையுங்கள். வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல், அதனால் வீட்டில் 10 ஆண்டுகள் ஓடியிருக்கும், கப்பலில் சுமார் 1 ஆண்டுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாது, ஆனால் துளைக்குள் வழியாகப் பார்த்தால் எப்போதும் ஒரே நேரம்தான் காட்டும். அப்படியானால் 10ஆம் ஆண்டில் திரும்பி வந்த வாய்க்குள் நுழைகிறவர், வீட்டு வாய் வழியாக 1ஆம் ஆண்டில் வெளியே வருவார். 9 ஆண்டு பின்னால்! யாரும் கால இயந்திரம் செய்ய நினைக்கவில்லை, குறுக்கு வழி கேட்டோம், அது வந்து சேர்ந்துவிட்டது. புழுத்துளைக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை இது. ஒளியை முந்தும் எந்த வழியானாலும், சார்பியல் சரியென்றால், விளைவு காரணத்துக்கு முன்னால் நிற்கும் நிலையை உண்டாக்கிக்கொள்ள முடியும்.

(ஒரு சின்ன விஷயம். நீங்கள் மட்டும் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒளியை முந்தவே தேவையில்லை. அதே 99.5 சதவீத வேகத்தில் 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பிராக்சிமா செண்டாரிக்குப் போக உங்கள் கைக்கடிகாரத்தில் 5 மாதம்தான் ஆகும். வழியனுப்ப வந்தவர்களுக்குத்தான் 4 ஆண்டுக்கு மேல்.)

விளைவு காரணத்துக்கு முன்னால் வரும் இந்தச் சிக்கலை இயற்கையே தடுத்துவிடும், வாய் கால இயந்திரமாக மாறப்போகும் நேரத்தில் வெற்றிட அலைவுகள் (வெற்றிடத்திலும் ஓயாமல் நடக்கும் ஆற்றல் ஏற்ற இறக்கங்கள்) பெருகி அதைக் கெடுத்துவிடும் என்பது 1992இல் இயற்பியலாளர் ஹாக்கிங் வெளியிட்ட ஊகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் இன்னும் யாரும் அதை நிரூபிக்கவில்லை. 2009இல் அவர் காலப் பயணிகளுக்காக ஒரு விருந்து வைத்து, அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகு அனுப்பினார், ஒருவரும் வரவில்லை. இதைப் பெரிய ஆதாரமாகச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புழுத்துளை வழியாக, அந்தத் துளை கால இயந்திரமாக மாறிய நாளுக்கு முன்னால் போகவே முடியாது. 2009இல் அப்படி ஒரு வாய் திறந்திருக்கவில்லை என்றால், வர நினைத்தவர்களும் வந்திருக்க மாட்டார்கள்.