1960களின் உளவாளிப் படம் வீடியோ கேசட்டைவிட ப்ளூ-ரே வட்டில் தெளிவாகத் தெரிவது ஏன்?

பழைய படத்துக்குப் புதுத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று காரைக்குடியில் பலரும் கேட்கிறார்கள், 1940களில் ஏவி. மெய்யப்பன் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஊருக்குப் பொருத்தமான கேள்விதான். இதற்கு மீட்டெடுப்பு என்று பெயர்: மூல நெகட்டிவைத் தேடியெடுத்து, தூசு துடைத்து, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்து, கீறல்களைக் கணினியில் நீக்குவது.

35 மி.மீ. பிலிமில் நுண்விவரங்கள் படம்பிடித்த நாளிலேயே பதிந்துவிட்டன, ஆனால் வி.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் நாடாவால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 320 கோடுகள் அளவுக்கே பிரித்துக் காட்ட முடிந்தது, ப்ளூ-ரேயோ அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளைத் தாங்குகிறது. அழுக்கேறிய ஆத்தங்குடித் தரையைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் இட்டுத் தேய்த்தால் பூவேலை பளிச்சென்று எழும்புகிறது. அந்தப் பூவை யாரும் அன்று புதிதாக வரைவதில்லை, படத்தின் மீட்டெடுப்பும் அப்படித்தான்.

திரையில் பொடிமணல்போல அசையும் புள்ளிகளைப் பலர் அழுக்கென்று எண்ணுகிறார்கள். அவை பிலிமின் இயல்பான துகள்கள், அவற்றை அளவுமீறி நீக்கினால் சாகசப் படத்து நாயகனின் முகம் மெழுகுபோலாகும், கார்ட்டூன் படத்திலோ கையால் வரைந்த மெல்லிய கோடுகளே மறைந்துவிடும்.