கேள்வி - பதில்: பழைய இறுவட்டுகளும் புதிய சேமிப்பகமும்

கேள்வி: காணி அனுமதிப்பத்திரப் பதிவேடுகளை 2010 அளவில் ஸ்கேன் செய்து இறுவட்டுகளில் (சிடி) பதிந்திருந்தார்கள். இப்போது பாதி திறக்குதில்லை. மிச்சத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா?
- அலுவலர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் சேமிப்பகம்) அன்றாட வேலைக்கு நல்லது, அலுமாரியில் பூட்டி வைக்க உதவாது. அது தரவை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் ஏற்றம் மெல்லக் கசியும். வெக்கையில் இன்னும் வேகமாக. பென்டிரைவுக்கும் இதே கதைதான்.

முதலில் இறுவட்டுகளைக் கவனியுங்கள். இறுவட்டின் உயிர் எழுத்துள்ள மேற்பக்கத்தில் இருக்கிறது. ஒளி தெறிக்கும் படலம் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் உள்ளது. போல்பொயின்ட் பேனாவால் எழுதியதும் லேபல் ஒட்டியதும் அதைக் கெடுத்திருக்கும். ஒட்டிய லேபலை உரிக்கவே வேண்டாம், படலமும் சேர்ந்து வரும். ஒரு டிரைவில் திறக்காதது இன்னொன்றில் திறக்கலாம். அப்படியும் முடியாவிட்டால் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் வாசிக்க முடிந்த பகுதியை எடுத்துவிடலாம்.

புதிதாக ஸ்கேன் செய்வதை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில், டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக வையுங்கள். சிவப்பு மைத் திருத்தம் கறுப்பு வெள்ளையில் தனியாகத் தெரியாது. சுருக்காத ஏ4 பக்கம் ஏறக்குறைய 26 மெகாபைட். 10,000 பக்கத்துக்கு 260 ஜிகாபைட். இந்த அளவுக்கு டேப் டிரைவ் (காந்த நாடாவில் பதியும் கருவி) வாங்குவது வீண் செலவு. வேறுவேறு கம்பனிகளின் இரண்டு வன்தட்டுகளும், நீண்ட காலம் தாங்கவெனச் செய்த 25 ஜிபி எம்-டிஸ்க் ப்ளூ-ரே 11 தட்டுகளும் போதும். ஒரு வன்தட்டு கடற்கரையை விட்டுத் தள்ளி, வேறு ஊரில் இருக்கட்டும். 2004 சுனாமி வந்த ஊர் இது. ப்ளூ-ரே டிரைவ் இரண்டாக வாங்குங்கள், பிறகு கிடைக்காமல் போகலாம். பதியும் ப்ளூ-ரே தட்டு உற்பத்தியை சோனியே 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது.

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்துப் பட்டியலாக வையுங்கள். வருடம் ஒருமுறை வன்தட்டுகளை இணைத்து அந்த எண்களை ஒப்பிட்டால், சத்தமில்லாமல் கெட்ட கோப்பு பிடிபடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள், மாரிக் காலத்தில் பனித்துவிடும்.

கேள்வி: ஸ்கேன் செய்த பிறகு கடதாசியை அழிக்கலாமா?

பதில்: நீங்களாக முடியாது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய சுவடிகள் கூடத்தின் அனுமதி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அது நடைமுறைக்கு வந்த பின் உருவான பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது.