உடலில் இருந்தது தோட்டாவா, குண்டா?

"சம்பவ இடத்தில் 3 வெற்றுத் தோட்டாக்கள் கிடந்தன, உடலிலிருந்து ஒரு தோட்டா அகற்றப்பட்டது என்று எழுதினேன். ஆசிரியர் இரண்டையும் அடித்துவிட்டார். என்ன தவறு?" என்று கேட்கிறார் ஓர் இளம் நிருபர்.

அடித்தது சரிதான். ஒரு 9 எம்எம் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மொத்தமே 12 கிராம் அளவுதான். முனையில் செருகியிருக்கும் ஈயத் துண்டு, செம்புக் கவசம் போர்த்தியது, அதுதான் குண்டு. 8 கிராம் இருக்கும். அதைக் கவ்விப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு, உறை. உறைக்குள் வெடிமருந்து. அடிப்பாகத்தின் நடுவே மிளகளவு வட்டமாகத் தெரிவது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. சுட்டதும் பறப்பது குண்டு மட்டுமே.

ஆகவே உடலிலிருந்து எடுத்தது குண்டு. தரையில் கிடந்தவை காலி உறைகள். குண்டே இல்லாமல் சத்தம் மட்டும் எழுப்புவதுதான் வெற்றுத் தோட்டா. அரசு மரியாதையில் 'குண்டுகள் முழங்க' என்று எழுதுகிறோமே, அங்கே வெடிப்பது அதுதான்.

வழக்குக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. பிரைமரில் துப்பாக்கியின் ஃபயரிங் பின் என்ற ஊசி குத்திய பள்ளம் இருக்கும். குண்டின் பக்கவாட்டில், குழலின் உட்புறம் சுருளாக வெட்டிய மரை பதித்த கீறல்கள் இருக்கும். எந்தத் துப்பாக்கி என்று தடயவியல் நிபுணர்கள் தேடுவது இவற்றில்தான். பிஸ்டல், சுட்டதும் காலி உறையை வெளியே தள்ளிவிடும். ரிவால்வரோ உருளைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 'தோட்டா கிடைக்கவில்லை' என்று நீங்கள் எழுதினால் கிடைக்காதது உறையா, குண்டா?

நாட்டுத் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம் வேண்டும். குழல் வாய்வழியே மருந்தும் பால்ரஸ் எனும் சிறு இரும்பு உருண்டைகளும் போட்டு இடிக்கும் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. 12 போர் (bore) துப்பாக்கிக்குத் தோட்டா உண்டு. அதற்குள் பெரும்பாலும் சிறு ஈயக் குண்டுகள் பல இருக்கும். அந்த 12-ஐ மில்லிமீட்டர் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்றின் விட்டம்தான் குழலின் விட்டம், சுமார் 18.5 மி.மீ. த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளின் எண்ணோ அங்குலக் கணக்கு.

இலங்கைச் செய்தியில் 'ரவைக்கூடு' என்று வந்தால் அது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் பொருத்தும் மேகசின். காலி உறை என்று மாற்றிவிட வேண்டாம்.

போலீஸ் குறிப்பில் வரும் 'ரவுண்டு' என்ற சொல்லையும் இடம் பார்த்து எழுதுங்கள். '5 ரவுண்டு பறிமுதல்' என்றால் சுடாத 5 தோட்டாக்கள். '5 ரவுண்டு சுட்டனர்' என்றால் 5 முறை சுட்டார்கள்.