நகைச்சீட்டு கட்ட மட்டும் வயது வந்துவிட்டதா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியிலிருந்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பூச்சி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, பூச்சிகளைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தழை வைக்கிறாள். என் கணவர் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் வயதுக்கு வந்ததிலிருந்து, இரண்டு வருடமாக, மாதம் 2,000 ரூபாய் நகைச்சீட்டு கட்டுகிறோம். அதற்கே கையைக் கடிக்கிறது. இந்த வயதில் கல்லூரியைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிடலாமா? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பார்த்துக்கொண்டால் போதாதா? ஒன்பதாம் வகுப்புக்குக் கண்டிப்பான தனியார் பள்ளிக்கு மாற்றவும் யோசிக்கிறோம்.
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி.

பதில்: போகிற போக்கில் நகைச்சீட்டு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடி படித்துப் பாருங்கள். பதினொரு வயதுக் குழந்தையின் கல்யாணத்துக்குப் பணம் கட்ட ஆரம்பித்தது உங்களுக்குச் சீக்கிரமாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனாலும் தேதி தவறாமல் கட்டிவிட்டு அட்டையில் வரவு வைத்துக்கொண்டு வருகிறீர்கள். அதே பெண் பதின்மூன்று வயதில் ஒரே ஒரு நாள் ஒரு கல்லூரியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் 'இந்த வயதில் எதற்கு' என்கிறீர்கள். எந்த ஊர் நியாயம் அம்மா இது?

நகையே வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். ஆபத்துக்கு அடகு வைக்க ஒரு சங்கிலி வேண்டும் என்று நம்பும் தலைமுறைதான். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களின் முதல் கடமை அவளுக்கு ஒரு படிப்பு. தாலிக்கொடியெல்லாம் பிறகு.

பன்னிரண்டு முடிந்ததும் பார்க்கலாமாம்! அப்போது பார்க்க என்ன மிச்சமிருக்கும்? பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுக்கிறாள் என்பதிலேயே பாதிக் கதவு மூடிவிடுகிறது. வணிகவியல் எடுத்த பெண் பி.எஸ்சி. வேளாண்மைக்கு விண்ணப்பமே போட முடியாது. "மாமா சொன்னார் என்று காமர்ஸில் சேர்த்தோம், இப்போது அழுகிறாள்" என்று மே மாதமானால் எனக்குக் கடிதங்கள் வந்து குவிகின்றன. அந்த அம்மாக்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது.

தனியார் பள்ளிப் பேச்சை இன்றோடு விடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், 2021 சட்டப்படி, வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்குதான். கண்டிப்பு வேண்டும் என்று இரண்டையும் தொலைத்துவிட்டு, அதற்குக் கட்டணமும் கட்டப் போகிறீர்களா?

கையைக் கடிக்கிறது என்கிறவர், என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுதக்கூடிய உதவித்தொகைத் தேர்வு அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் வரும். நாளைக் காலையே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

சீட்டு முடிந்ததும் நகை எடுக்கக் கோவைக்குத்தானே போவீர்கள்? அன்றைக்கு அப்படியே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் லாலி ரோட்டுக்கும் போய் வாருங்கள். பூச்சி அருங்காட்சியகத்தைப் பொதுமக்களும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். திறந்திருக்கும் நாள்தானா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரும் வரட்டும். உள்ளே போனதும் அவள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் இருவரும் பின்னால் போங்கள்.

முருங்கைக் கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தோல் தடித்துவிடும். வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டில் மூடியில் துளை போட்டிருக்கிறாளா என்றும் பாருங்கள்.