சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டால் சாதி, மதம் கேட்கிறார்களே, சட்டப்படி தப்பில்லையா?

நியாயப்படி தப்புதான். ஆனால் அதற்காக வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்க எல்லோருக்கும் பொதுவான நேரடிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பொது இடங்களைத்தான் சொல்கிறது. தனியார் வீடு அதில் வராது. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று வைத்திருந்த விதியை 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

பலருக்கும் தெரியாத மூன்று விதிவிலக்குகள் உண்டு. தீண்டாமையின் பேரில் குடியிருக்க விடாமல் தடுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டமும், எச்ஐவி தொற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர் என்பதற்காக மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன.

மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். யாரும் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. போனில் "ஃபேமிலியா? வெஜ்ஜா?" வரை நன்றாகத்தான் போகும். முழுப் பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் சார் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். அடுத்த வாரமும் டு-லெட் பலகை அதே கேட்டில் தொங்கும். அதனால் நான் இப்போதெல்லாம் பெயர், சாப்பாடு எல்லாவற்றையும் புரோக்கரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வெயிலில் வீண் அலைச்சல் மிச்சம்.

சட்டம் கைகொடுப்பது குடிவந்த பிறகு. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சண்டை வந்தால் தண்ணீர், கரண்டை நிறுத்தி உங்களைத் துரத்த முடியாது. நிறுத்தினால் அதே அதிகாரியிடம் முறையிடலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டத்தின் அளவு. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு தொகை எழுதினால் அது செல்லும், அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் கேட்கிறார்கள். பேரம் பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். என் பழைய வீட்டுக்காரர் பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். அப்புறம், குடியேறும் அன்றே சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.