ஹென்ட்ரியிடம் கேட்காத கேள்வி

கேள்வி: தாய்லாந்தின் பைபட் சிரிபாபோர்ன் 2023இல் பெண்கள் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். உடனே ஆண்கள் டூரில் ஆட இரண்டு வருடக் கார்டு (தொழில்முறை ஆட்டக்காரராக ஆடும் அனுமதி) கொடுத்தார்கள். 2025இல் கார்டு போய்விட்டது. தகுதிச் சுற்றில் போராடும் ஓர் இளைஞனின் இடத்தைப் பிடுங்கியதுதான் மிச்சம். சலுகையில் ஏறியவர் நிலைக்க மாட்டார் என்பதை ஆசிரியர் இப்போதாவது ஒப்புக்கொள்வாரா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாட்டார்.

முதலில் ஒரு திருத்தம். அது ஆண்கள் டூர் அல்ல. தகுதி பெற்ற யாரும் ஆடலாம். ஆண்களே நிறைந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

அடுத்து, அந்தப் ‘பிடுங்கிய இடம்’. டூரில் ஏறக்குறைய 130 பேர். உள்ளே வர வழிகள் பல. க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டி, அமெச்சூர் சாம்பியன்களுக்கான இடங்கள், ஆசியா, ஐரோப்பா போன்ற கண்டங்களின் சாம்பியன்களுக்கானவை. பெண்கள் சுற்றுக்கு இடம் கிடைத்ததே 2021இல்தான். ரியான் எவன்ஸும் ஹாங்காங்கின் இங் ஓன்-யீயும் முதலில் நுழைந்தார்கள். இவை தவிர, உங்கள் கண்ணில் படாத ஒரு வழியும் உண்டு: அழைப்புக் கார்டு. பழைய நட்சத்திரங்களைக் கூப்பிட்டுக் கொடுப்பது. ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரி 2012இல் ஓய்வு பெற்றவர். 2020இல் அவருக்கு இரண்டு வருடக் கார்டு தந்தார்கள். ஜெயித்த ஆட்டங்கள் சொற்பம். 2022இல் மறுபடியும் தந்தார்கள். ஜிம்மி வைட், கென் டோஹர்டி விஷயத்திலும் இதே கதைதான். எனக்கு அதில் வருத்தமில்லை; வைட் மேஜைக்கு வந்தால் இன்றும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பேன். ஆனால் அவர்களால் எந்த இளைஞனின் இடம் போயிற்று என்று கேட்டு இந்தப் பகுதிக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. நடப்பு உலக சாம்பியன் ஒருவருக்குக் கொடுத்ததும் வந்துவிட்டது.

இரண்டு வருடம் என்பது என்ன? புதிதாக வருபவரின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். இரண்டு பருவத்தில் சம்பாதித்த பரிசுப் பணம்தான் தரவரிசை. முடிவில் முதல் 64க்குள் இல்லையென்றால் பெரும்பாலும் வெளியே. அதுவரை எதிரில் வருகிறவர்கள் யார்? பல வருடமாக இதிலேயே சோறு சாப்பிடுகிறவர்கள். பரிசு வந்தால்தான் வருமானம் என்ற நிலையைக் கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பருவத்துக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று 2022இல் அறிவித்தார்கள். பாங்காக்கிலிருந்து கிளம்பி, விசா வாங்கி, இங்கிலாந்தில் அறை எடுத்து, பயிற்சி மேஜைக்கும் பணம் கட்டி, தகுதி ஆட்டங்களுக்காக ஊர் ஊராகப் போய்வருகிறவருக்கு அது எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலைக்காதவர் தகுதியற்றவர் என்பது உங்கள் சூத்திரம். அதை நீல் ராபர்ட்சனுக்குப் போட்டுப் பாருங்கள். 1998இல், பதினாறு வயதில் தொழில்முறைக்கு வந்தார். கார்டை இழந்தார், ஒரு முறை அல்ல. 2003இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்ற பிறகு வைல்டு கார்டில் (சலுகைதான், ஐயா) மறுபடி நுழைந்தார். 2010இல் உலக சாம்பியன்.

தாய்லாந்திலேயே பார்க்கலாம். ஜேம்ஸ் வாட்டனா 1988இல் உலக அமெச்சூர் சாம்பியன். அடுத்த ஆண்டு தொழில்முறை. பின்னர் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம். 1993, 1997 இரண்டிலும் உலகப் போட்டி அரையிறுதி. அவருக்குப் பிறகு அந்த நாட்டுக்காரர் யாரும் அந்த அரையிறுதியைத் தொடவில்லை. 2013இல், உலகப் போட்டி நடக்கும் க்ரூசிபிள் அரங்கில் ஸ்டீபன் மக்வயரை 10–9 என்று சாய்த்து ரசிகர்களைக் கொள்ளைகொண்ட தேச்சாவத் பூம்ஜெங்கும் சில வருடங்களில் டூரில் இல்லை. பில்லியர்ட்ஸை 1935ஆம் வருடச் சூதாட்டச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்து வைத்த நாடு அது. அங்கிருந்து 2022இல் மிங்க் நட்சரத், 2023இல் பைபட் என்று அடுத்தடுத்து இரண்டு பெண் உலக சாம்பியன்கள் வந்தார்கள். 2023 இறுதியாட்டம் பாங்காக்கிலேயே நடந்தது. மிங்க்கைத்தான் பைபட் 6–3 என்று வென்றார்.

சிக்கல் அந்த ஸ்கோரிலேயே இருக்கிறது. பெண்கள் உலக இறுதியாட்டம் அதிகபட்சம் 11 ஃபிரேம் (பந்துகளை அடுக்கித் தொடங்கி முடிக்கும் ஒரு சுற்றுதான் ஃபிரேம்). க்ரூசிபிள் இறுதி 35 ஃபிரேம், இரண்டு நாள். பெண்கள் சுற்றில் வருடத்துக்குச் சில போட்டிகள்தான். அவற்றில் பல ஒரே வார இறுதியில் முடிந்துவிடும். பந்தைப் பாக்கெட்டில் போடும் திறமையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மிங்க் 2019இல் பயிற்சி ஆட்டமொன்றில் ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியான முழு 147ஐ அடித்தவர். குறைவது பாதுகாப்பு ஆட்டம்: வெள்ளைப் பந்தை எதிராளிக்கு எட்டாத இடத்தில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பொறுமையாக இருக்கும் கலை. அதைத் தனியாகப் பழகிக் கற்க முடியாது. நல்ல எதிராளியிடம் தோற்றுத் தோற்றுத்தான் கற்க வேண்டும். பைபட்டுக்கு அப்படித் தோற்கும் வாய்ப்பே கார்டு வந்த பிறகுதான் தொடர்ச்சியாகக் கிடைத்தது.

நிர்வாகத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு, உங்கள் காரணத்துக்காக அல்ல. வாசலைத் திறந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். பெண்கள் சுற்றில் நீண்ட ஆட்டங்கள் வேண்டும், போட்டிகள் பெருக வேண்டும். கலப்பு இரட்டையர் போட்டியை வருடந்தோறும் நடத்தலாம்; 2022இல் அதை வென்றது ராபர்ட்சன்–மிங்க் ஜோடிதான்.

அதே மிங்க்கின் முதல் கார்டு 2024இல் முடிந்தது. பெண்கள் தரவரிசை வழியாக உடனே இன்னொரு இரண்டு வருடக் கார்டு பெற்றார். பைபட்டுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.