துருவேறி இறுகிய பிரேக் நிப்பிள்

கேள்வி: என் காருக்கு இருபது வயதாகிறது. பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுக்க முயன்றபோது, பின்சக்கர நிப்பிள்கள் இரண்டும் அசையவில்லை. ஒன்றின் விளிம்புகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் பலமாகத் திருப்பலாமா?

பதில்: வேண்டாம். ஏரும் பழைய ஆயிலும் வெளியேறும் நிப்பிள், நடுவே துளையுள்ள சிறிய திருகு என்பதால், கைப்பலத்துக்கே முறிந்துவிடும். ஆயிலை அடைப்பது அதன் கூம்பு முனை. மரைகள் அதற்கு வெளியே இருப்பதால், ரப்பர் மூடி தொலைந்த வண்டியில் மழைநீரும் சேறும் அவற்றுக்குள் இறங்கித் துருவாக இறுகிவிடுகின்றன.

முதலில் கம்பி பிரஷ்ஷால் அடிப்பகுதியைச் சுத்தம் செய்து, துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். அது பிரேக் ஷூவிலோ டிரம்மிலோ பட்டுவிடக் கூடாது. மறுநாள் துளைக்குள் பொருந்தும் டிரில் பிட்டின் தண்டைச் செருகி, அதன் தலையில் சிறிய சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டுங்கள். அந்த அதிர்வுதான் துருப்பிடிப்பை உடைக்கிறது, தண்டும் துளை நசுங்காமல் காக்கிறது. பிறகு ஆறு முனை சாக்கெட்டை மாட்டி, முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் அசைத்து, அதன் பின்னரே தளர்த்துங்கள். பன்னிரண்டு முனை ஸ்பேனரும் திறந்த வாய் ஸ்பேனரும்தான் பெரும்பாலும் விளிம்புகளை மழுங்கச் செய்கின்றன. ஏற்கெனவே மழுங்கியதை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) ஒருமுறை முயலலாம்.

நெருப்பால் சூடாக்குவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வண்டியில் பொருத்திய நிலையில் அதைச் செய்யவே கூடாது: பிரேக் ஆயில் தீப்பற்றக்கூடியது, உள்ளேயுள்ள ரப்பர் சீல்களும் கருகிவிடும், குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடமாக இருந்தால் நச்சு வாயுவே உண்டாகும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், நிப்பிள் பொருந்தியிருக்கும் வீல் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். முறிந்த நிப்பிளைத் துளையிட்டு எடுக்கையில் கூம்பு முனை அமரும் இடம் கீறப்பட்டால் கசிவு நிற்காது. பிரேக்கில் அந்தத் துணிச்சல் தகாது என்பது என் உறுதியான கருத்து. இருபது ஆண்டு உழைத்த சிலிண்டரின் சீல்களும் தேய்ந்தே இருக்கும்.

புதிய நிப்பிளை அளவோடு இறுக்கி, ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், டாட் 4 (DOT 4) தரத்துப் புதிய ஆயிலுக்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்கும் கொதிநிலை, ஈரமேறியபின் 155 வரை இறங்கக்கூடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால், நிப்பிளும் அவ்வப்போது திறக்கப்பட்டு இறுகாமல் இருக்கும்.